ஜன்னலோர மெஷின்

பர்மாவில், தாமுவே சந்தைக்குப் பின்னால் இருக்கிற தையல் பட்டறையில் ஜன்னலை ஒட்டிய மெஷின் ரோஸ்லினுடையது. மற்ற மெஷின்கள் கரண்டில் ஓடுபவை. இது மட்டும் காலால் மிதிப்பது. பர்மியப் பெண்கள் உடுத்துகிற தமெயின் என்ற லுங்கிக்கு இடுப்பில் கறுப்புப் பட்டை வைத்துத் தைப்பதுதான் அவள் வேலை. அவள் தைத்த பட்டை சுருங்காது, இழுக்காது. கடைக்காரிகள் விரித்துப் பார்க்காமலே வாங்கிப் போவார்கள்.

நாலாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது. தமிழ் வாசிக்கக் கற்றது சர்ச்சில், வேதப்புத்தகம் பார்த்து. நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டாள். ஆனால் கண் சும்மா இருக்காது. யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் மெஷினை மிதித்தபடியே அவளுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாரும் சயா என்று கூப்பிடுகிற முதலாளி பீர் முகைதீனுக்கு முட்டி வலி வந்த பிறகு, அவர் மகள் நிலோஃபர்தான் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் காலையில் அவள் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். தமிழில் இருந்தது. பர்மிய மொழித் தாள் அச்சாவதற்குள் கரண்டு போய்விட்டதாம்.

"ரோஸு, நீதான் வாசிப்பே. என்னன்னு பாருடி," என்றாள் கமலாட்சி. மூலையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள் அவள்.

ரோஸ்லின் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பத்து ஆண்டு உழைத்தவர்களுக்கு மூன்று மாதச் சம்பளத்துடன் பணி ஓய்வு." இன்னொரு தடவையும் வாசித்தாள். வாசகம் மாறவில்லை.

"அப்படின்னா?"

"மூணு மாசச் சம்பளத்தக் குடுத்து வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

கமலாட்சி அதைப் பர்மிய மொழியில், துணி வெட்டுகிற மா நந்தாரிடம் சொன்னாள். "பின்சின்" என்ற சொல் காதில் விழுந்ததும் மா நந்தார் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். பென்ஷன் வாங்குகிற வயசா அவளுக்கு? ரோஸ்லின் போய் உட்கார்ந்து தைத்தாள். பட்டை கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

அந்த நேரம் பார்த்து பீர் முகைதீன் பை நிறைய சமூசாவோடு வந்தார்.

"என்னம்மா, மவுத் விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? எடுத்துச் சாப்பிடுங்க!"

"பத்து வருஷமா தேய்ஞ்ச உடம்புக்கு இந்தச் சமூசாதானா சயா?" என்றாள் கமலாட்சி. "வழியனுப்புறவரு பிரியாணியாவது போட்டிருக்கலாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "நிலோஃபர்! என்ன எழுதி வச்சிருக்கே? வருஷத்தப் பார்த்தா முதல்ல என்னையில்ல வீட்டுக்கு அனுப்பணும்!"

நிலோஃபர் ஓடி வந்தாள். பர்மிய மொழி வருகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் வராது. "ஐயோ, லீவுதான் அக்கா! மூணு மாசம் லீவு, சம்பளத்தோட. போயிட்டுத் திரும்பி வரணும். போன்ல தேடினேன், ஓய்வுன்னு காட்டுச்சு."

பட்டறையே சிரித்தது. நிலோஃபர் "பணி ஓய்வு" என்பதை அடித்துவிட்டு "நீண்ட லீவு" என்று எழுதினாள். சமூசா ஒரு நொடியில் தீர்ந்தது.

ஆனால் லீவு கேட்டு யாரும் வரவில்லை. ஒரு மாதம் போனது. "இலவசமாத் தரேன்னாலும் வாங்க ஆளில்லையே," என்று நிலோஃபர் வருத்தப்பட்டாள்.

ரோஸ்லினுக்குக் காரணம் தெரியும். முன்னொரு காலத்தில் கமலாட்சிக்கும் ஒரு மெஷின் இருந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள இன்சீனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அதில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கமலாட்சியைப் போகச் சொல்லவில்லை. அவளாக மூலையில் உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். அன்று உட்கார்ந்தவள்தான்.

ரோஸ்லினின் மகள் ஷீபா மாவ்பியில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். "நீங்க வருவீங்கல்ல அம்மா?" என்று போனில் கேட்கும்போதெல்லாம் ரோஸ்லின், "பார்ப்போம்" என்பாள். சொல்லும்போது கண் ஜன்னலோர மெஷினுக்குப் போகும்.

ஒருநாள் நிலோஃபர் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லா மெஷினும் இரைந்துகொண்டிருந்தன.

"அக்கா, ஷீபாவுக்கு மாசம் நெருங்குதில்ல? நீங்களே கேட்கலைன்னா வேற யாரு கேட்பா?"

ரோஸ்லின் மிதிப்பதை நிறுத்தினாள். இவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். சரியாக அந்த நொடியில் கரண்டு போனது. அத்தனை மெஷினும் ஒன்றாக அடங்க, அவள் குரல் மட்டும் பட்டறை முழுக்கக் கேட்டது.

"லீவு குடுக்குறீங்க. எடத்தையும் குடுப்பீங்களா?"

ரோஸ்லினுக்கு முகம் சூடேறியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்திருப்பாள். வாசலில் உட்கார்ந்திருந்த பீர் முகைதீன் அவளைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கமலாட்சியைத்தான் பார்த்தார்.

"உன் மெஷின் போனப்ப நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா," என்றார்.

"நீங்க கேட்கலையே சயா."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "இதையும் அதுல எழுது. லீவுல போனவங்க மெஷின் அவங்களுக்குத்தான். நடுவுல தைக்கிறவ இரவலுக்கு உட்கார்ந்தவ. வந்ததும் எந்திரிச்சிரணும். பர்மா பாஷையிலயும் எழுது, எல்லாருக்கும் புரியணும்."

"ரோஸு இடத்துல நான் இரவலுக்கு உட்கார்றேன்," என்றாள் கமலாட்சி. "கை மறந்துபோச்சான்னு பார்ப்போம்."

அப்படித்தான் ரோஸ்லின் மாவ்பிக்கு பஸ் ஏறினாள். பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் தேறும் வரை பக்கத்திலேயே இருந்தாள். இரண்டு பேரையும் குளிப்பாட்டினாள், மகளுக்குப் பத்தியம் சமைத்தாள், அவசரமில்லாமல் தூங்கினாள். ஆனாலும் சில மத்தியானங்களில் கால் தானாக மிதித்தது.

லீவு முடிந்து வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னலைத்தான் பார்த்தாள். கமலாட்சி தைத்துக்கொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. மூலையில் கூனி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்பிள்ளையா இது? ரோஸ்லின் வாசலிலேயே நின்றாள். எழுந்திரு என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கமலாட்சி தையலை முடித்து நூலை அறுத்தாள், எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள்.

"வாடி, எஜமானி. எந்திரிக்க மனசில்லதான். என்ன செய்ய, சுவத்துல எழுதியிருக்கே!"

"நீ எங்க போவே?"

கமலாட்சி மோவாயால் காட்டினாள். எதிர்ச் சுவரோரம் இன்னொரு மெஷின் புதிதாக வந்திருந்தது. "நான் தைச்சதப் பார்த்துட்டு சயாவே வாங்கிப் போட்டாரு. அடுத்த லீவு எனக்கு. நான் இல்லாதப்போ அதத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சுவரில் இருந்ததை வாசித்துவிட்டு, கடைசி வரியை யார் போட்டது என்று மா நந்தாரிடம் கேட்டாள். மா நந்தார் ஜன்னல் பக்கம் விரலை நீட்டினாள்.

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தாள். உதட்டில் வந்த சிரிப்பை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. கறுப்புப் பட்டை நேராக ஓடியது.