கோபத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் கணவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் சபையில் யாரும் பிரசங்கித்ததில்லை. நானே தேட வேண்டியதாயிற்று.

டீச்சரான என் மனைவிக்கு வெள்ளிமலைப் பள்ளிக்கு மாற்றல். திங்கட்கிழமைக்குள் மலைப்பாதையில் தனியாக ஓட்டிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தினமும் ஷேர் ஜீப்பில் நசுங்க வேண்டும். கச்சிராயபாளையம் ரோட்டில் நான் போட்ட கூச்சலுக்குக் கரும்பு டிராக்டர்கள் ஒதுங்கின. அவளோ இறங்கி, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னொரு தபா கத்தினீங்கன்னா நான் ஜீப்புலயே போய்க்கறேன்."

அன்றைக்குத்தான் யூத ஞானிகளைப் படித்தேன். வீட்டாருக்கு ஓய்வுநாளை நினைவூட்டுவதைக்கூட மெல்லிய குரலில்தான் செய்ய வேண்டுமாம். அப்போதுதான் காதில் ஏறுமாம். எங்கள் ஊரில் சாந்தகுணத்தைப் பற்றிய பிரசங்கமே ஸ்பீக்கர் கட்டித்தான் நடக்கும்.

மறுநாள் மெதுவாகச் சொன்னேன்: "கிளட்ச்சைக் கொஞ்சம் பார்த்து விடும்மா."

சடக்கென்று பிரேக்கை மிதித்தாள். "இன்னாங்க ஆச்சி? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லியே."

"பின்ன இன்னாத்துக்கு எழவு சேதி சொல்ற மாதிரி பேசறீங்க?"

படித்ததில் இன்னொன்று மிச்சமிருந்தது. யூத குரு ஒருவர் கோபப்படுவதற்கென்றே ஓர் அங்கி வைத்திருந்தாராம். கோபம் வந்தால் முதலில் அதைத் தேடி மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் கோபம் தணிந்துவிடும். என்னிடம் அங்கி ஏது? மலைக்கென்று வாங்கிய ஸ்வெட்டரைப் பின்சீட்டில் போட்டுவைத்து, விதியை அவளிடமும் விளக்கினேன்.

"இந்த வெயில்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மலையேறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அணைந்து வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறப்பதற்குள் விதி ஞாபகம் வந்து தொலைத்தது. சீட் பெல்ட்டைக் கழற்றி, பின்சீட்டுக்கு எக்கி, ஸ்வெட்டரை எடுத்துத் தலையை நுழைத்தேன். கழுத்து என்று நினைத்தது கை. உள்ளே இருட்டு, வியர்வை, பூச்சி உருண்டை வாடை. ஒருவழியாகத் தலை வெளியே வந்தபோது வளைவைத் தாண்டியிருந்தோம்.

"எப்படி ஏத்தினே?"

"நீங்க உள்ள இருந்தீங்க இல்ல, அப்பத்தான் இன்ஜின் சத்தம் காதுல வுழுந்திச்சி."

திங்கட்கிழமை தனியாகவே போனாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். வளைவெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"நேத்திக்கு இருந்தத வுட கம்மியா இருந்திச்சிங்க" என்றாள்.