பட்டியலில் வராத பீன்ஸ்

மரித்சா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் விதைக் காப்பகத்தில் நேத்கா அக்கா முப்பது வருஷம் வேலை பார்த்தார். சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. கணினி வந்ததும் அதையும் தானாகவே கற்றுக்கொண்டார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

புதிய குளிர் அறை கட்டிய வசந்தத்தில் எல்லாப் பீன்ஸ் பொட்டலங்களுக்கும் புதுச் சீட்டு அச்சடிக்க வேண்டியிருந்தது. பழைய கணினியிலிருந்து எடுத்த கோப்போ அலங்கோலம். எண், ஆண்டு, ஊர், கொடுத்தவர், குறிப்பு எல்லாம் அரைப்புள்ளியால் பிரிந்திருக்க வேண்டும். ஆனால் குறிப்புக்குள்ளேயே அரைப்புள்ளிகள் கிடந்தன. நடுநடுவே வரிகளும் உடைந்திருந்தன. ஒரு பொட்டலத்தின் விவரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

அக்கா ரெகெக்ஸ் எழுதினார். எழுத்தும் எண்ணும் எந்த வரிசையில் வந்தால் வெட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. வரித் தொடக்கத்தில் இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம், ஓர் அரைப்புள்ளி வந்தால் புதுப் பதிவு. ஓட்டிப் பார்த்தால் 3,121. அலமாரியில் இருந்தவை 3,118.

"மூணுதானே அதிகம்? கடைசி மூணை அழிச்சுடு," என்றார் எங்கள் தலைவர் ஸ்லாவி.

"எந்த மூணுன்னு தெரியாம அழிக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க வந்து அழிங்க."

"நீ எழுதியிருக்கறது எனக்குக் கோழி கிண்டின மாதிரி இருக்கு. நீயே பாரு."

எண்ணுக்குப் பின் நான்கு இலக்க ஆண்டும் வரவேண்டும் என்று அக்கா சேர்த்தார். இப்போது 3,117. இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டதில் நான்கு வரிகள் மிஞ்சின. அவற்றில் மூன்று, குறிப்புக்குள் வேறொரு பொட்டலத்தின் எண்ணைச் சொன்னவை; வரி உடைந்ததால் அந்த எண் வரித் தொடக்கத்துக்கு வந்திருந்தது. நான்காவது நிஜப் பொட்டலம். ரொடோப்பி மலையில் ஸ்மில்கா என்ற பெண் கொடுத்தது. 1990இன் கடைசிப் பூஜ்யத்துக்குப் பதிலாக வட்டமான 'O' எழுத்து விழுந்திருந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை எந்த விதையை விதைத்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதை, பழைய கணினி அந்த ஆண்டை வைத்துத்தான் சொல்லிவந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பொட்டலத்தை அது சொல்லவே இல்லை.

"யார் தட்டினது?" என்று ஸ்லாவி கேட்டார்.

"நான்தான். அந்த வருஷத்துப் பீன்ஸ் முழுக்க நான்தான்."

"சரி, முளைக்குதான்னு பாரு," என்றார் ஸ்லாவி.

அக்கா ஈரத்துணியில் இருபது விதைகளை வைத்தார். இரண்டு முளைத்தன. அன்றே ஸ்மில்கா வீட்டுக்குத் தொலைபேசினார். எடுத்தது மகள், ஸ்மில்கா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"அந்த விதை உங்க வீட்ல இருக்காம்மா?"

"இல்லீங்க. இப்ப டின் பீன்ஸ்தான்."

அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னார். "உங்கம்மா நம்பிக் குடுத்தாங்க. என் தப்பு."

"திட்டணும்னா அம்மாதான் திட்டணும். ரெண்டு முளைச்சிருக்குல்ல, வளருங்க."

ஒரு செடி அசுவினிப் பூச்சி விழுந்து பட்டுப்போனது. மற்றது காய்த்தது. செப்டம்பரில் முப்பத்தெட்டு விதைகள். வெள்ளையில் கருஞ்சிவப்புக் கோடு. பாதியைக் குளிர் அறையில் வைத்துவிட்டு மீதியை அந்த மகளுக்கு அஞ்சலில் அனுப்பினார். அவள் விதைத்தாளா, வேகவைத்தாளா என்று அக்கா கேட்கவில்லை.