கயிற்றில் அளவெடுத்த சுடிதார்

படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாவது வரை பள்ளிக்கூடம் போனதைத் தவிர எழுத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. கல்யாண மண்டபத்தில்கூடக் கடைசி வரிசை நாற்காலியைத் தேடுகிற ஆள் நான். போன வாரம் மகள் அலமாரியில் துணியை மடித்து அடுக்கிக்கொண்டே, "உங்க காலத்துல என்னம்மா ஃபேஷன்?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாள். அதனால் எழுதிவிட்டேன்.

பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சடையை மடித்து, காதுக்குப் பக்கத்தில் ரிப்பனைப் பூப்போல முடிவது. எங்கள் ஊர் வெண்ணந்தூர் பக்கம். அங்கே எண்ணெய் வழிய வழியப் பின்னினால்தான் அது சடை. வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பாதி எண்ணெய் சட்டைக் காலரில் இருக்கும். அடுத்தது, பாம்பு மாதிரி நெளிந்த ஸ்டிக்கர் பொட்டு. காலையில் நெற்றி நடுவில் ஒட்டினால் வேர்த்து வழிந்து மத்தியானம் புருவத்துக்கு வந்துவிடும்.

பிடித்தது, ஹவாய் செருப்புக்கு வேறு நிறத்தில் வார் மாட்டுவது. நீலச் செருப்புக்குச் சிவப்பு வார். பழையது அறுந்தால்தான் புதுசு என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் அறுவதற்காகவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தோம்.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது பஃப் கை வைத்த சுடிதார். எங்கள் பள்ளியில் பெரிய வகுப்புப் பெண்களுக்குத் தாவணிதான் சீருடை. ஆண்டு விழாவுக்கு மட்டும் கலர் துணி உடுத்தலாம். அதற்கும் எல்லோரும் பட்டுப்பாவாடை, தாவணி என்றுதான் வருவார்கள். சுடிதாரில் யாரும் வந்ததில்லை. பதினொன்றாவது படிக்கும்போது எனக்கு அந்த ஆசை வந்தது.

அப்பாவுக்கு வடக்கே லாரி ஓட்டம். போனால் வருவதற்கு வாரக்கணக்காகும். கிளம்பும்போது அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "அளவு வேணுமே, சாமி" என்றார். லோடு கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, என் தோளில் பிடித்து, முழங்காலுக்குக் கீழே வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். கயிறு அவரோடு லாரி ஏறியது.

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். வகுப்பில் எதற்கும் வாய் திறக்காதவள், பக்கத்தில் உட்காருகிறவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு. மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் தினமும் அதே பேச்சுத்தான்.

"ஏம்புள்ள, சுடிதாரு எங்க வருது? ஓமலூரு தாண்டிருச்சா?"

"டயரு பஞ்சராயிருக்கும், விடு புள்ள."

சுடிதார் இல்லாமல் ஆண்டு விழாவுக்குப் போனால் பள்ளி முடியும்வரை இந்தக் கேலி நிற்காது. காய்ச்சல் வந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வந்தார். பையிலிருந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சுடிதாரை எடுத்தார். கை இரண்டும் பஃப். கழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கண்ணாடி. ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். நீளம் முடிச்சு போட்ட இடத்தில் சரியாக நின்றது. அகலத்தில் என்னைப்போல் இன்னொருத்தி நுழையலாம்.

"ஏனுங்க, கயித்துல ஒசரந்தானுங்க தெரியும். அகலத்துக்கு என்ன பண்ணுனீங்க?" என்றாள் அம்மா.

"அந்தக் கடைக்காரன் பேசுனது எனக்கு வெளங்கல. எம்புள்ளைக்குன்னு என் நெஞ்சத் தொட்டுக் காமிச்சேன். அவன் என்னைய மேலயும் கீழயும் பார்த்துட்டு இத எடுத்துக் குடுத்தான்."

அப்பா நல்ல வாட்டசாட்டம். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

"நாளைக்குத் தாவணியே கட்டிக்க கண்ணு. இனிமே எந்த டெய்லரு தெச்சுக் குடுப்பான்?" என்றாள் அம்மா.

அப்பா லாரிக்குப் போய், தார்ப்பாய் தைக்கும் ஊசியையும் நூலையும் கொண்டுவந்தார்.

"புள்ளத் துணிங்க! மூட்டையாட்டம் தெச்சுப்போடாதீங்க!"

"பத்து டன் லோடே அசையாம நிக்குது. உம்புள்ள நிக்க மாட்டாளா?"

இரண்டு பக்கமும் பிடித்து, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு வரிசையாகத் தையல் போட்டார். போட்டுப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. தையல் மட்டும் தண்டவாளம் மாதிரி தெரிந்தது. துப்பட்டாவை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டேன்.

விழாவில் கூட்டுப் பாட்டுக்கு நான் பின்வரிசை. மேடைக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்கள், பஃப் கையை அமுக்கிப் பார்த்தார்கள். வாய்த்துடுக்குக்காரி துப்பட்டாவையே தூக்கிவிட்டாள்.

"இதென்ன புள்ள, கயிறா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்திருப்பேன்.

"பெருசா இருந்துச்சு. எங்கப்பா தெச்சாரு" என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

அவள் குனிந்து தையலை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"உங்கப்பா ஜாக்கெட் தெப்பாரா?" என்றாள்.

முதலில் சிரித்தது நான்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இறைவணக்கம் பாடும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இசை டீச்சர் முறைத்தார்.

மறுநாள் அப்பா லோடு ஏற்றச் சங்ககிரி போனார். அம்மா அரிவாள்மணையில் வைத்து அந்தத் தையலை அறுத்துப் பிரித்து, சுடிதாரை டெய்லரிடம் கொடுத்தாள். அவர் அடுத்த வாரம் வரச் சொன்னார்.