கொடி இல்லாத கப்பல்

நாசரேத்து ஜாபேஸ் எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். போன வருடம் ஏறிய கப்பலின் கொடி போலி என்பது, ஒரு வல்லரசின் கடற்படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கித் துப்பாக்கியை நீட்டியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. கப்பலில் இருந்தது அந்த வல்லரசு தடை போட்டிருந்த கச்சா எண்ணெய். எண்ணெய்க்குச் சொந்தக்காரன் இன்னொரு வல்லரசு.

கப்பலை ஒரு சிறிய நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட வைத்தார்கள். கேப்டன் எண்ணெய்க்கார நாட்டுக்காரர். மேலிடத்தில் பேசி மறுநாளே அவரை விமானத்தில் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் வழக்கு முடியும்வரை இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தூதரகத்து ஆட்களையும் ஏறவிடவில்லை.

இன்ஜின் அறையில் ஜாபேஸுக்கு உதவியாளாக இருந்தவன் புன்னக்காயல் சிலுவை. ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். ஜாபேஸ் வயர்லெஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டான். எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறீர்களோ அந்த நாட்டிடம் கேளுங்கள் என்றார்கள். அந்தக் கொடி நாடு, அப்படியொரு கப்பல் எங்கள் பதிவிலேயே இல்லை என்றது. பிடித்த கடற்படையோ, இனி அது நீதிமன்றத்தின் பொறுப்பு என்றது.

“என்ன சொல்லுதானுவ அண்ணாச்சி?” என்றான் சிலுவை.

“படகு வருதாம்லே. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

பிறகு வலி சட்டென்று நின்றது. உள்ளே குடல் வெடித்திருந்தது. குணமாகிறது என்று நினைத்து ஜாபேஸ் கஞ்சி வைத்துக் கொடுத்தான். சிலுவை சிரித்துக்கொண்டே இரண்டு வாய் குடித்தான். பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான்.

உடலை இறைச்சி வைக்கும் குளிர் அறையில் கிடத்தினார்கள். டீசல் குறைந்துகொண்டே வந்தது. அந்த அறைக்கு மட்டும் மின்சாரம் விட்டு, விளக்கையும் தண்ணீர் பம்பையும் ஜாபேஸ் நிறுத்தினான். தாகத்தில் மற்றவர்கள் அடிக்க வந்தார்கள். அவன் சுவிட்சை மறைத்து நின்று அடி வாங்கினான். கடைசியில் டீசலும் தீர்ந்தது.

எண்ணெயைப் பங்கு போட்டுக்கொள்ள இரண்டு வல்லரசுகளும் ஒப்புக்கொண்ட அன்றே படகு வந்தது. எண்ணெயின் தரம் பார்க்கும் ஆய்வாளர் ஏறினார். நாற்றம் பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். விமானத்தில் அனுப்பும் நிலையில் உடல் இல்லாததால் சிலுவையை அந்த ஊரிலேயே புதைத்தார்கள்.

ஊர் திரும்பிய ஜாபேஸ் புன்னக்காயலுக்குப் போனான். கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தான் என்று பொய் சொல்லத்தான் போயிருந்தான். சிலுவையின் மனைவி இருதயமேரி வேறொன்று கேட்டாள்.

“கப்பல்ல இருந்து பாத்தா கரை தெரிஞ்சுதா?”

ஜாபேஸுக்குப் பொய் வரவில்லை.

“தெரிஞ்சுதும்மா. ஆஸ்பத்திரி விளக்கும் தெரிஞ்சுது.”

அவள் கதவைத் திறந்து, அவனை வெளியே போகச் சொன்னாள்.