இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

நான் பூவில் பொய் வைத்தவள்.

முருகன் படத்துக்கு முன்னால் போட்ட இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளை இதழையே வைத்து மடித்தேன். வைத்திருக்க வேண்டிய சிவப்பு இதழை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். என்னை நம்பி ஒருத்தி கை நீட்டினாள், ஒன்றை எடுத்தாள், அதன்படி தன் வாழ்க்கையையே திருப்பிக்கொண்டாள்.

வருந்துகிறாயா என்று கேட்பீர்கள். பொறுங்கள்... முதலில் நாங்கள் ஜெயித்த கதையைக் கேளுங்கள். ஆம், ஜெயித்தோம்! அதை மறைத்துவிட்டுக் குற்றத்தை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பொய்தானே?

கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு சாக்லேட் கடை. வீட்டிலேயே செய்து விற்பது. சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. மழைக்காலத்தில் ஈ ஓட்டலாம் என்றால், அந்தக் குளிருக்கு ஈகூட வராது. அப்படிப்பட்ட மாதங்களில், கடையின் பின்னறையில், கோகோ வாசனைக்கு நடுவே நாங்கள் மூன்று பேர் ஓர் உலகத்தைக் கட்டினோம்.

நான் கயல். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, படித்ததை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தவித்தவள். அருள் என் பள்ளித் தோழன். சுற்றுலா வேன் ஓட்டுகிறான்; எதற்கெடுத்தாலும் வாதாடுவான். மூன்றாமவள் பூங்கொடி. மேல்மலைக்காரி, ஊர் கவுஞ்சி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. அப்பாவின் பூண்டுக் காட்டில் வேலை இல்லாத நாட்களில் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அவள் கையில் ஒரு பென்சில் கிடைத்தால் போதும்... வெறுந்தாளில் மலை எழும்பும்!

கதை சொல்வது நான். அவர்கள் இருவரும் அதற்குள் பாத்திரங்களாக நடமாடுவார்கள். பேசுவார்கள், சண்டையிடுவார்கள், முடிவெடுப்பார்கள். பார்த்ததையெல்லாம் பூங்கொடி வரைவாள். அந்த உலகத்தின் பெயர் ஏழுமுகடு.

ஏழுமுகட்டில் சிலர் மந்திரத்தோடு பிறக்கிறார்கள். மஞ்சாளிகள் என்று பெயர் வைத்தேன். அவர்கள் கை தாழ்ந்தால் மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும். கை உயர்ந்தால் விலகும். மனம் நன்றாயிருந்தால் பயிருக்கு ஈரம். கோபம் வந்தாலோ உறைபனி! ஆகவே அந்நாட்டுச் சட்டம், மஞ்சாளி பிறந்த அன்றே காலில் ஒரு செம்புக் காப்பைப் பூட்டியது. காப்போடு ஊரெல்லையைத் தாண்ட முடியாது. மந்திரமெல்லாம் ஊருக்கு மட்டுமே. தனக்கென்று ஒரு துளி பனியைக்கூட அவர்கள் அசைக்கக் கூடாது.

பூங்கொடியின் பாத்திரம் வெண்மஞ்சி. மஞ்சாளிகளிலேயே வல்லவள்.

கதை ஓரிடத்தில் வந்து முட்டி நின்றது. பழைய ராணி இறந்துவிட்டாள். ஊர்ச்சபை கூடியிருக்கிறது. மஞ்சாளிகளின் காப்பை வெட்டி எறிவதா, வேண்டாமா?

"வெட்டு!" என்றோம் நானும் அருளும் ஒரே குரலில்.

"வேணாம்" என்றாள் வெண்மஞ்சி.

நம்புவீர்களா? கட்டுண்டு கிடக்கிறவளே கட்டு வேண்டும் என்கிறாள்!

"ஏய், லூசாடி நீ?" அருள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான். "தப்பு செஞ்சவனைப் புடிச்சுக் கட்டு. பொறந்ததுக்கே கட்டுவியா? இது எந்த ஊரு ஜஸ்டிஸ்?"

"வேன் ஓட்டுறவனுக்கு வெள்ளாமையப் பத்தி என்னடா தெரியும்? உறைபனி ஒரே ராத்திரிதான் விழும். வெள்ளனே எந்திரிச்சுப் போய்ப் பாத்தா உருளைக்கெழங்குச் செடி பூராம் வெந்தாப்புல கருகிக் கெடக்கும். அதுக்கப்புறம் எவனைக் கட்டி என்னத்துக்கு ஆகும்?"

நான் உள்ளே புகுந்தேன். "கரண்டுகூடத்தான் ஆளைக் கொல்லும். அதுக்காக அதை வேணாம்னா சொல்றோம்?"

"கரண்டைக் கம்பிக்குள்ளதானடி வச்சிருக்கோம். அவுத்தா விட்டுருக்கோம்?"

"கரண்டு அழுவாதுடி! அழுவுற எதையும் கம்பிக்குள்ள வைக்கக் கூடாது!"

"அடேங்கப்பா! எங்க வீட்டு மாடுகூடத்தான் அழுவுது. கட்டாமயா வச்சிருக்கோம்?"

அருள் தான் என் பக்கம் என்பதையே மறந்து மேசையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவளை மடக்குவதற்காகவே படித்தேன், யோசித்தேன், சாக்லேட் கிண்டும்போதுகூட மஞ்சாளிகளுக்காக வாய்விட்டு வாதாடினேன். "யாருட்டடி பேசுற?" என்று அம்மா எட்டிப் பார்ப்பாள்.

ஆற்றல் உள்ளவனைக் கட்டிவைப்பது பாதுகாப்பு அல்ல, அச்சம்! அச்சத்தைச் சட்டமாக எழுதினால் அது நியாயமாகிவிடுமா? காப்பு பூட்டிய காலோடு செய்கிற நன்மை, நன்மைதானா? இவற்றையெல்லாம் அவள் முன் கொட்டினேன். இன்றும் இதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

ஒருநாள் பூங்கொடி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சரிடி. எல்லா மஞ்சாளியும் போகட்டும். வெண்மஞ்சியும் போயிட்டா அவ அப்பன் காட்டுல யாரு நிப்பா? அதுக்கு உன் நியாயத்துல என்ன இருக்கு?"

வெண்மஞ்சிக்கு அப்பா கிடையாது. அப்படி ஒரு பாத்திரத்தை நான் படைக்கவேயில்லை...

எவ்வளவு படித்து என்ன? என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் இத்தனை நாளும் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது!

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. கணினி விளையாட்டுகள் செய்யும் பெங்களூர் நிறுவனம் ஒன்று அவளுடைய ஏழுமுகட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வேலைக்கு அழைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத வீடு. அப்பாவும் மகளும் பூண்டுக் காடும் மட்டும்தான்.

"அப்பாட்ட கேட்டியா?" என்றான் அருள்.

"கேட்டா போகாதன்னு சொல்ல மாட்டாரு. அதான் கேக்கல."

அவளே வழி சொன்னாள். "பூ கேட்டுருவோம்."

அவர்கள் ஊரில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டுவிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது. சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல், அடுத்த தை வரை, பேச்சுக்கே இடமில்லை.

"வெள்ளை வந்தா காப்பை வெட்டுங்க. வெண்மஞ்சியும் கெளம்பட்டும், நானும் கெளம்புறேன். செவப்பு வந்தா ரெண்டு பேரும் இங்கனயே கெடக்கோம். அப்புறம் ஒருத்தரும் என்னைய நோண்டக் கூடாது."

"ஒரு உலகத்தோட விடுதலையை லாட்டரில போடுவியாடி?"

"லாட்டரி இல்லடா. உத்தரவு."

பொட்டலம் மடிக்கும் வேலை என்னிடம் வந்தது. சாக்லேட்டுக்கு வெள்ளித்தாள் சுற்றிச் சுற்றிப் பழகிய கை... கடைவாசல் தொட்டியிலிருந்து ஒரு சிவப்பு ரோஜா இதழும் ஒரு வெள்ளை இதழும் கிள்ளினேன். பிறகு இன்னொரு வெள்ளை இதழையும் கிள்ளினேன். யோசித்தா செய்தேன்? இல்லை! வாதத்தில் தோற்பதை ஏற்காத கை அது. தானாகவே நீண்டது. சிவப்பு இதழ் என் நாக்கில் கசந்தது.

மஞ்சாளிகளை விடுங்கள், அவர்கள் வாழ்க்கையை அவர்களே தீர்மானிக்கட்டும் என்று தொண்டை வற்றக் கத்தியவள் நான்தானே? பூங்கொடி தீர்மானிப்பதற்கு நான் எதை மிச்சம் வைத்தேன்?

பழநி விபூதி பூசிய முருகன் படத்தின் முன்னால் பொட்டலங்களைப் போட்டேன். பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை!

"வெட்டுடி காப்பை!" என்று அருள் போட்ட கூச்சலில் பக்கத்து ஸ்வெட்டர் கடை அண்ணன் ஓடிவந்துவிட்டார். பூங்கொடி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். நான் ஏழுமுகட்டின் காப்புகளையெல்லாம் அந்த இடத்திலேயே வெட்டினேன். செம்பு தெறித்தது, மணிகள் முழங்கின, பிறந்தது முதல் ஊரெல்லை காணாதவர்கள் மஞ்சைப் பாலமாகப் போட்டு முகடுவிட்டு முகடு நடந்தார்கள்! உறைபனி விழுந்ததா? விழவில்லை! ஒரு செடிகூடக் கருகவில்லை! என் கதையில் அப்படித்தான்!

இதற்கிடையில் அருள் இன்னொரு பொட்டலத்தை எடுக்கப் போனான். "இதுல செவப்பு இருக்கான்னு பாப்போம்."

பிடுங்கி என் ஸ்வெட்டர் பைக்குள் திணித்துக்கொண்டேன். "எடுக்காத பூவைப் பிரிக்கக் கூடாதுடா. சாமி குத்தம்!"

அந்த நொடியில் நான் உண்டாக்கிய சாத்திரம் அது. அருள் நம்பாமல் பூங்கொடியைப் பார்த்தான். "அப்படியா பூங்கொடி?"

அவள் என் ஸ்வெட்டர் பையைப் பார்த்தாள். "ஆமா. விடு" என்றாள்.

தப்பித்தேன்! வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது அவர்கள் ஊர் வழக்கத்தோடு பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "வெள்ளையா வந்துச்சு? அப்புறம் என்கிட்ட என்னத்துக்குக் கேக்குற? துணிமணிய எடுத்து வையி."

நாங்கள்தான் வழியனுப்பினோம். பெங்களூரில் பூண்டே கிடைக்காது என்பது போல் அவள் அப்பா ஒரு கட்டு மலைப்பூண்டைத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார். நடத்துனர் முகம் சுளிக்க, "மணக்கத்தான்யா செய்யும், பூண்டுல்ல?" என்றார். பஸ் திரும்பியபோது அருள் ஓடிக்கொண்டே கையை ஆட்டினான். நான் சாலையிலேயே குதித்தேன்! வெண்மஞ்சி எல்லை தாண்டிவிட்டாள்!

இன்று அவள் வரைந்த மலைகளின் மீது எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் விளையாடி நடக்கிறார்கள். அருள் தன் வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டி, "எங்க ஊருப் புள்ள வரைஞ்சது சார்" என்று உயிரை வாங்குகிறான். அவள் பேசும்போது குரலில் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைக் கேட்கும்போதெல்லாம், செய்தேன், நன்றாகச் செய்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது எனக்கு. இதையும் ஒப்புக்கொள்கிறேன்!

சென்ற மாதம் அவள் அப்பா கடைக்கு வந்தார். கையில் ஒரு சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும்.

"தாயி, உன் கை ராசியான கை. அன்னைக்கு நீ மடிச்ச பூதான் எம்புள்ளைக்கு வெளங்குச்சு. எனக்கும் மடிச்சுக் குடு."

"என்னப்பா கேக்கப் போறீங்க?"

"காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு அவகிட்டயே போயிறலாமான்னு. கூப்புட்டுக்கிட்டே இருக்கா. முட்டி வேற முன்ன மாதிரி இல்ல. சோறும் ஒரு ஆளுக்குப் பொங்கித் தின்ன சலிப்பா இருக்கு."

போக ஆசை அவருக்கு. முகத்திலேயே தெரிந்தது. என் கை மறுபடியும் வாசல் தொட்டிக்குப் போகத் துடித்தது... ஆனால் நான் கையைக் கட்டிப்போட்டேன். இந்த முறை உண்மையாக இருப்பேன் என்று உறுதி கொண்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. மடித்து முடித்தபோது, கணக்கு நேராகிவிட்டது என்று பெருமைகூடப் பட்டேன்!

அவர் எடுத்தார். சிவப்பு.

அதை முருகன் படத்தடியில் வைத்தார். பிறகு இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

"அதையும் பிரிக்கணுமாப்பா?"

"பின்ன? ரெண்டையும் பிரிச்சுக் காட்டுனாத்தான தாயி உத்தரவு? இல்லாட்டி களவாணித்தனம்ல?" என்று சிரித்தார். வெள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். "சரியாத்தான் இருக்கு. முருகன் இருன்னுட்டான், இருப்போம். நடவுச் சோலி கெடக்கு, வெரசாப் போகணும்."

அவர் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் பூங்கொடி போனில் கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு என்னடி வந்துச்சு?"

"செவப்பு."

பிறகு கேட்டாள். "ரெண்டையும் பிரிச்சாரா?"

"பிரிச்சாரு."

"சரிடி" என்று வைத்துவிட்டாள்.

விளங்குகிறதா உங்களுக்கு? அவளுக்குத் தெரியும்! அன்றே தெரியும்! ஊர் வழக்கம் தெரிந்தவள், என் பையைப் பார்த்துக்கொண்டே "விடு" என்றாள். நான் அவளை ஏமாற்றவில்லை. வெண்மஞ்சி தன் காப்பைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டு போனாள்! கடையில் யாருமில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். வென்றேன் என்றுகூடச் சொன்னேன்.

சிரிப்பு நின்ற பிறகுதான் மற்றது வந்தது. அப்படியானால் ஏமாந்தவர் அவர் ஒருவர்தான். கேட்டிருந்தாலே போ என்று சொல்லியிருப்பார்... கேட்காமல் சாமியை இழுத்து அவர் வாயை அடைத்தோம். பொய் மடித்து மகளை அனுப்பினேன். உண்மை மடித்து அவரைத் தனியே நிறுத்திவிட்டேன். இதில் எந்தப் பொட்டலத்துக்காக நான் மன்னிப்புக் கேட்பது? சொல்லிவிடலாம் என்றால், மகள் போனதும் பொய், தான் இருப்பதும் பொய் என்றாகிவிடாதா அவருக்கு? பூங்கொடியும் நானும் அதன் பிறகு எத்தனையோ பேசிவிட்டோம். இதை மட்டும் பேசவில்லை.

மஞ்சாளிகள் விடுதலையாகத்தான் இருக்க வேண்டும். இப்போது கேட்டாலும் இதே வேகத்தோடு சொல்வேன்!

தை பிறந்ததும் இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பதாக அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பொட்டலத்தை நான்தான் மடிக்க வேண்டுமாம்.