சனாவுல்லாவின் பதினாலாயிரம் அடி

மலேசியாவின் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்தும் சனாவுல்லா, உயரத் தூக்கி ஆற்றும் தே தாரிக் தேநீர் போடும் மேசையை விட்டு நகரவே மாட்டார். “தினமும் பத்தாயிரம் அடி நடங்க அங்கிள்” என்று டாக்டர் சொன்னதால், அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அவருடைய வலது கையில் கட்டிவிட்டார் மனைவி பரீதா.

முதல் நாளே பதினாலாயிரம் காட்டியது. பரீதா அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்.

“கடை வேலையிலேயே முடிஞ்சிருது லா” என்று அடக்கமாகச் சொன்ன சனாவுல்லா, நடந்த களைப்புக்குத் தினமும் இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுமாதம் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. சந்தேகப்பட்ட பரீதா கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். தேநீரை ஆற்ற வலது கை ஏறி இறங்கும்போதெல்லாம் கடிகாரம் ஓர் அடி எண்ணியது.

“கையாலயே மலாக்கா வரைக்கும் போயிட்டீங்க” என்று சொல்லி, பரீதா கடிகாரத்தை இடது கைக்கு மாற்றினார். அன்று முந்நூறு அடிதான்.

மறுநாள் காலை சனாவுல்லா இடது கையால் தேநீர் ஆற்றினார். மாலைக்குள் பதினோராயிரம். தரையெல்லாம் கொட்டியதைத் துடைக்க ஓடியதில், அதில் பாதி உண்மையான அடிகள்.