வெயிலில் தொங்கிய பலூன்

போன வாரம் ஒரு நண்பகலில், ஸ்கூட்டிக்குக் காற்றுப் பிடிக்க உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். ரப்பர் வெயிலில் வெந்த வாசனை.

"கல்லு மாதிரி வைங்கண்ணே."

"எதுக்கு, வெடிக்கவா? உச்சி வெயிலும்மா. உள்ள இருக்கது அதே காத்துதான், சூடு பட்டா பெருகும். சாயங்காலம் பாரு, அமுங்கிரும்."

ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மயக்கம் என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

என் அண்ணன் செத்து ஏழு மாதம் ஆகிறது.

ரப்பர் வாசனை என்றாலே எனக்குத் திருப்பரங்குன்றம் தேர்தான். சின்ன வயதில் அண்ணன் அங்கே வாங்கிய பலூனை ஒரே மூச்சில் என் தலை அளவுக்கு ஊதுவான். "பாத்தியா, ரெண்டும் ஒரே சைசு. ரெண்டுக்குள்ளயும் வெறுங்காத்து" என்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், மறுத்துப் பேச முடியுமா?

பிறகு மேலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் கல் அறுத்தான். புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவான். "பவுடர் போட்ட மாப்ள வந்துட்டாருடி" என்று மதினி கேலி செய்யும். அந்தப் பவுடர் நெஞ்சுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனி தூசிப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சிக்குத் தினமும் பலூன் ஊதச் சொன்னார்.

இடுப்பு மெலிந்து அண்ணனுடைய அரைஞாண் கயிறு கழன்று விழுந்திருந்தது. அதைத்தான் அளவாக வைத்துக்கொண்டோம். காலையில் ஒரே மூச்சில் ஊதிக் கட்டுவான். நான் பலூனைச் சுற்றிக் கயிற்றைப் போடுவேன். முதல் நாள் அளவில் ஒரு முடிச்சு. உள்ளே எவ்வளவு மூச்சோ, அவ்வளவு பலூன். கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

"முடிச்சத் தாண்டி ரெண்டு விரக்கடை வரட்டும், பட்டறைக்குப் போயிருவேன்."

"டாக்டரு சொன்னது காதுல விழுகலையா?" என்றது மதினி.

"அவரு மூச்சு இல்லாதப்ப சொன்னாரு. மூச்சு வந்துட்டா?"

ஒரு மாதம் அந்த முடிச்சிலேயே நின்றது. பிறகு ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பனியன் கடைக்குப் பஸ் போய்விடும் என்று ஓடிக்கொண்டிருந்தேன். "ஏ கழுத, அளந்துட்டுப் போ!" என்று கத்தினான். "கட்டித் தொங்க விடுண்ணே, வந்து அளக்குறேன்" என்றேன்.

அரை நாள் வேலை. நான் வந்தபோது முற்றத்துத் துணிக்கொடியில், தகரக் கூரையை ஒட்டி, சிவப்புப் பலூன் உச்சி வெயிலில் தொங்கியது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கயிற்றைச் சுற்றினேன். முடிச்சைத் தாண்டி இரண்டு விரல். கொஞ்சம் கூடவே இருக்கும்.

"அண்ணே, கூடிருச்சுண்ணே!"

அவன் சிரித்தான். சிரித்து இருமினான். அந்தப் பலூனை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதே கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, ஆணியில் மாட்டினான். "யாரும் இத ஒடைக்கக் கூடாது, சொல்லிட்டேன்." திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு மேலூர் பஸ் ஏறினான். மதினி தடுத்தது. நான்தான் "அளந்து பாத்தேன் மதினி" என்றேன்.

நான்கு மாதம் போனான். ஐந்தாவது மாதம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பலூன் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி ஆணியிலேயே கிடந்தது. போட்ட முடிச்சு அவிழவில்லை. காரியத்துக்கு வீடு கழுவும்போது யாரோ அதையும் கயிற்றையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள். இப்போது ஆணி மட்டும் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பலூன் ஆறி, பழைய முடிச்சுக்கே அமுங்கியிருக்கும். அளக்கிற கயிறு அதன் கழுத்திலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.